சிரு பாட்டியைப் பேசவிடுவது எப்படி: ஓர் ஒலிப்பதிவுக்காரியின் குறிப்புகள்

முதலில் ஒரு எழுத்து விஷயம். சிரு. இடையின ரு. 'சிறு' என்று போட்டுவிடாதீர்கள், நான் முதல் மூன்று நாள் என் நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். முதல் எழுத்தைச் 'சிங்கம்' போல மெல்லியதாகச் சொல்லவும் கூடாது. 'பச்சை'யில் வருகிற ச்ச மாதிரி சொல்ல வேண்டும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் பெயரிலேயே நமக்குச் சறுக்கல் ஆரம்பித்துவிடுகிறது.

சிரு என்பது மணிப்பூரில் பேசப்படும் ஒரு மலை மொழி, அதைப் பேசும் மக்களின் பெயரும் அதுதான். இம்பால் சமவெளியைச் சுற்றியுள்ள மலைகளில் சிதறிக் கிடக்கும் ஊர்களில் இவர்கள் இருக்கிறார்கள். சாது சிரு என்ற அருவியைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் நிறையப் பேர் போகிறார்கள். அந்தப் பெயரின் பின்பாதி ஒரு மொழியின் பெயர் என்று அங்கே செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. பேசுவோர் எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே. இந்தப் பத்தாயிரம் ஒரு முக்கியமான கோடு. அதற்குக் குறைவான பேர் பேசும் மொழியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1971 முதல் பெயர் சொல்லிப் பட்டியலிடுவதில்லை. 2011 கணக்கில் பெயரோடு வந்தவை 121 மொழிகள். சிரு அதில் இல்லை, 'மற்றவை'க்குள் போய்விட்டது.

நான் மொழியியல் படித்தவள் இல்லை. அருப்புக்கோட்டையில் பிறந்து, கல்யாண வீட்டு மைக் செட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்து, இப்போது சென்னையில் டப்பிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்பவள். எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் இருந்த நர்ஸ் பெண் ஒருத்தி சிரு. "அக்கா, என் பாட்டி பேசுவதைப் பதிவு செய்து தருவீர்களா? எனக்கே பாதிதான் புரிகிறது" என்று ஒருநாள் கேட்டாள். 2022 டிசம்பரில் பன்னிரண்டு நாள் அவள் ஊரில் இருந்தேன். அங்கே செய்த தப்புகளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு தோழியோ தோழனோ இருந்தால் உதவும்.

போவதற்கு முன்

மணிப்பூருக்குள் நுழைய வெளிமாநிலத்தாருக்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதை வாங்கிவிட்டால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் ஊருக்குள் போக வேறு அனுமதி வேண்டும். மலைப்பகுதி ஊர்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராம அதிகார சபை உண்டு. அந்தச் சபைக்காரர்களிடம் முதலில் போய் உட்கார்ந்து, யார், எதற்கு வந்திருக்கிறோம், பதிவு செய்ததை எங்கே வைக்கப்போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். தோழியின் சித்தப்பா அதற்காக ஒரு மாலை முழுவதும் செலவழித்தார். அந்த ஒரு மாலையால்தான் மீதி பதினொரு நாளும் யாரும் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை.

இன்னொன்று. மொழிக் குடும்பத்தைப் பற்றிப் படிக்கும்போது சிரு 'குக்கி-சின்' கிளையைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும். அது மொழியியலாளர்கள் வைத்த பெயர். அதை வைத்து ஆளைப் பார்த்து "நீங்கள் குக்கிதானே?" என்று கேட்டுவிடாதீர்கள். யார் குக்கி, யார் நாகா, யார் இரண்டும் இல்லை என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. பட்டியல் பழங்குடிகளின் அரசுப் பட்டியலில் சிரு என்று தனியாகவே இருக்கிறது. சிரு என்றே சொல்லுங்கள், போதும்.

மாதம் முக்கியம். மழைக்காலத்தில் போகவே போகாதீர்கள். கூரை எல்லாம் தகரம். தகரத்தில் மழை பெய்தால் உலகத்தின் எந்த மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. டிசம்பர், ஜனவரி வறண்ட மாதங்கள். ஆனால் டிசம்பரில் நாலரை மணி வாக்கிலேயே சூரியன் போய்விடும். நம் ஊர்க் கணக்கில் சாயங்காலக் காபி நேரத்தில் அங்கே இருட்டிவிடுகிறது. குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். ராத்திரி அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

கருவி

பெரிய கருவி வேண்டாம். கையடக்கமான ஒரு ஜூம் ரெக்கார்டர், ஒரு நல்ல ஹெட்செட் மைக், அதற்குப் பஞ்சு உறை, காதை முழுக்க மூடும் ஹெட்போன். செல்போனில் எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், எடுங்கள். ஆனால் போன் ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும். இரைச்சல் என்று அது நினைப்பதை அழித்தும் விடும். சிரு போன்ற மொழியில் மூக்கு வழியே வரும் மெல்லிய காற்றும், சொல்லின் கடைசியில் தொண்டை சட்டென்று அடைபடுவதும் அர்த்தத்தோடு சம்பந்தப்பட்டவை. போனுக்கு அது இரைச்சல்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பு. எம்பி3 கூடாது. இந்த அளவில் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜிபி பிடிக்கும். அதனால் 32 ஜிபி கார்டில் முப்பது மணி நேரம் வரும். பன்னிரண்டு நாளில் நான் எடுத்தது மொத்தமே பதினெட்டு மணி நேரம். இடம் போதாது என்று யாரும் சுருக்க வேண்டியதில்லை. ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். சிரிப்பு வந்தால் எகிறும், அதற்கு இடம் விட வேண்டும். பாட்டிமார் சிரிப்பார்கள்.

காலர் மைக்கை நான் கொண்டுபோயிருந்தேன், வீண். குளிரில் எல்லோரும் கம்பளிச் சால்வை போர்த்தியிருப்பார்கள். தலையை ஆட்டினால் மைக்கில் பாய் சுருட்டுகிற சத்தம். ஹெட்செட் மைக்கைப் போட மறுப்பவர்களுக்கு, வாயிலிருந்து ஒன்றரை ஜாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில், சின்ன ஸ்டாண்டில் வையுங்கள்.

அப்புறம் குவா. மாநிலத்தின் பொதுமொழியான மெய்தெயில் வெற்றிலை பாக்குக்குப் பெயர் இது, வருகிறவர்களுக்கு முதலில் நீட்டுவதும் இதுதான். நமக்குப் பழகிய மரியாதை, சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொண்டேன், பாட்டியும் போட்டுக்கொண்டார். அன்று எடுத்த நாற்பது நிமிடமும் வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற சத்தம்தான். பதிவு முடிந்த பிறகு குவா என்று மறுநாளிலிருந்து ஒரு விதி வைத்தோம். பாட்டிக்கு அந்த விதி கடைசிவரை பிடிக்கவில்லை.

முதல் பதிவு எதுவாக இருக்க வேண்டும்

சம்மதம். காகிதத்தில் கையெழுத்து வாங்குவது பல பேருக்குப் பயம், நிலப் பத்திரமோ என்று தோன்றும். தோழி சிரு மொழியிலேயே விளக்கட்டும், அவர் சிரு மொழியிலேயே பதில் சொல்லட்டும், அதையே பதிவு செய்யுங்கள். மூன்று கேள்வி போதும். இதை யார் கேட்கலாம்: குடும்பமா, ஊரா, எல்லோருமா? பெயர் போடலாமா? பிறகு மனசு மாறினால் அழித்துவிடச் சொல்லலாம், சொல்வீர்களா?

மூன்றாவது கேள்வியைச் சும்மா கேட்டு வைக்காதீர்கள். ஏழாம் நாள் பாட்டி பேச்சுவாக்கில் ஒரு பழைய நிலத் தகராற்றைச் சொல்லிவிட்டார். ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது, காலையில் வந்து அதை எடுத்துவிடச் சொன்னார். அவர் கண்முன்னாலேயே அந்தப் பதினோரு நிமிடத்தை அழித்தேன். நல்ல பேச்சு, அருமையான ஒலி. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் என் முன்னால் தயங்காமல் பேச ஆரம்பித்தார்.

கூலியும் கொடுங்கள். ஒரு நாள் வயல் வேலைக்கு அங்கே என்ன கூலியோ அதைக் கேட்டு, அதே அளவு. பாட்டியிடம் எப்படிப் பணம் நீட்டுவது என்று கூச்சமாக இருந்தால் உறவுக்காரர் மூலம் கொடுக்கலாம். நம்மால் அவர்கள் வேலை கெடுகிறது, அதற்குத்தான்.

சொல் பட்டியலும் என் முதல் நாள் தோல்வியும்

இணையத்தில் தேடினால் ஸ்வதேஷ் பட்டியல் கிடைக்கும். எல்லா மொழியிலும் இருக்கும் என்று நினைத்து மொழியியலாளர் மாரிஸ் ஸ்வதேஷ் தொகுத்த அடிப்படைச் சொற்கள். 100 சொல், 207 சொல் என்று இரண்டு வடிவம் புழக்கத்தில் இருக்கிறது. அதை அச்செடுத்துப் போய், முதல் நாள் காலையில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தோழி இங்கிலீஷிலிருந்து மாற்றிக் கேட்டாள். பாட்டி டக் டக்கென்று பதில் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் 150 சொல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எண்களுக்கு வந்தபோதுதான் உறைத்தது. அமா, அனி, அஹும், மரி. முந்தின நாள் இம்பாலில் பெண்கள் மட்டுமே கடை போடும் இமா மார்க்கெட்டில் காய் வாங்கும்போது கேட்ட அதே எண்கள். அது சிரு இல்லை, மெய்தெய், அதாவது மணிப்புரி. மாநிலத்தின் பொதுமொழி, 1992இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்த மொழி. வெளியூர்க்காரி வந்திருக்கிறாள், அவளுக்கு 'பெரிய' மொழியில் சொல்வதுதான் மரியாதை என்று பாட்டி நினைத்திருக்கிறார். பேத்தியும் சென்னைக்குப் போய் ஆறு வருஷம் ஆனவள். எது எந்த மொழிச் சொல் என்று அவளுக்கே சில இடத்தில் தெரியவில்லை.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி: நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். ஒன்றில் மெய்தெய்ச் சொல், ஒன்றில் மிசோரமின் மொழியான மிசோவின் சொல், மூன்றாவது காலியாக. மெய்தெய், மிசோ இரண்டுக்கும் அகராதி சுலபமாகக் கிடைக்கும். சிரு மிசோவுக்கு உறவு, மெய்தெய்க்குப் பக்கத்து வீடு. தண்ணீருக்கு மெய்தெயில் இசிங், மிசோவில் துய். வீட்டுக்கு மெய்தெயில் யும், மிசோவில் இன். பாட்டி சொன்னது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் கடன் வாங்கியதா, வீட்டுச் சொல்லா என்று ஓரளவு தெரியும். ஓரளவுதான். நெருப்புக்கு இரண்டிலுமே மெய், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கடன் சொல் என்று தெரிந்தாலும் அடித்துவிடாதீர்கள். அவர்கள் தினமும் அதைப் பேசினால் அதுவும் சிருவில் இருக்கும் சொல்தான். பக்கத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள்.

சிருச் சொற்களை நான் இங்கே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் பாதி செத்துவிடும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தமிழ்க் காது: எங்கே உதவும், எங்கே கவிழ்க்கும்

அந்தப் பட்டியல் இங்கிலீஷ்க்காரர்களின் கண்ணால் போட்டது. 'பனி', 'உறைபனி', 'கடல்' எல்லாம் அதில் உண்டு. சோறு இல்லை. சோறு சாப்பிடும் ஊரில் உட்கார்ந்து கடலுக்கு என்ன சொல் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நமக்கு நெல், அரிசி, சோறு மூன்றும் வேறு வேறு. மெய்தெயிலும் அப்படியே: ஃபௌ, செங், சாக். இங்கிலீஷில் 'ரைஸ்' என்று கேட்டால் மூன்றில் எது வரும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய், நெல்லை ஒரு கையில், அரிசியை ஒரு கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உமி, தவிடு, நொய், கஞ்சி, அடிப்பிடித்த சோறு என்று நம் வீட்டில் எதற்கெல்லாம் பெயர் இருக்கிறதோ அத்தனையும் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்த சொற்கள் ஸ்வதேஷ் பட்டியலில் ஒன்றுகூட இல்லை.

உறவுமுறையும் அப்படித்தான். 'பிரதர்' என்று கேட்காதீர்கள், அண்ணனா தம்பியா என்று கேளுங்கள். மிசோவில் மூத்தவருக்கு ஊ, இளையவருக்கு நாவ். நாம் பிரிக்கிற அதே கோட்டில்தான் பிரிகிறது. மாமன் மகள் யார், அத்தை மகள் யார், இவர்களில் யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக் கூடாது என்று கேட்டபோது பாட்டி முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவள் என்றால் ஏதோ ஒழுங்கான வீட்டுப் பெண் என்று நினைத்திருக்க வேண்டும். 'நாம்', 'நாங்கள்' வேறுபாட்டையும் மறக்காமல் சோதியுங்கள். இங்கிலீஷில் கேட்டால் அது வெளியே வரவே வராது.

ஒரு பொறி இருக்கிறது. மெய்தெயில் என் அப்பா இபா, உன் அப்பா நபா, அவன் அப்பா மபா. சும்மா 'அப்பா' என்று தனியாக வருவது அபூர்வம். சிருவிலும் இப்படி யாருடையது என்று காட்டும் ஒட்டு சொல்லுக்கு முன்னால் வந்து உட்காரும். நான் என் மூக்கைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன், பாட்டி 'உன் மூக்கு' என்றார். அவர் மூக்கைத் தொட்டுக் கேட்டேன், 'என் மூக்கு'. இரண்டு மூக்குக்கும் இரண்டு சொல் என்று எழுதி வைத்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்வீர்கள்.

இனி கவிழ்க்கும் இடம். க என்ற எழுத்தை நாம் க, ஹ, மூச்சுவிட்ட க எல்லாவற்றுக்கும் போடுகிறோம். அங்கே மூச்சோடு சொல்லும் க ஒரு சொல், மூச்சில்லாமல் சொன்னால் வேறு சொல். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். காகிதம் ஆடினால் மூச்சு உண்டு. என் காதை நம்பாமல் காகிதத்தை நம்பினேன். ங வரிசை இன்னொன்று. நமக்கு ஆத்திசூடியில் 'ஙப்போல் வளை' என்பதோடு அந்த எழுத்தில் தொடங்கும் சொல் முடிந்துவிட்டது. அங்கே அது சர்வசாதாரணம். மெய்தெயில் மீனே 'ஙா'தான். தமிழ் வாய் அதை 'நா' ஆக்கும். வேண்டுமானால் 'தங்கம்' என்று சொல்லி, 'தங்' வரை வந்து நிறுத்தி, அங்கிருந்து கிளம்பிப் பழகுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் சுருதி. இந்தக் குடும்பத்து மொழிகளில் ஒரே அசை, குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் ஒரு பொருள். சொல்லை மட்டும் தனியாகக் கேட்டால் ஏமாற்றும். வரிசையாகச் சொல்லும்போது கடைசிச் சொல்லில் எல்லோர் குரலும் தானாக இறங்கும். அதனால் ஒவ்வொரு சொல்லையும் ஒரே வாக்கியத்தின் நடுவில் வைத்து மூன்று தடவை சொல்லச் சொல்ல வேண்டும். "அவர் இன்றைக்கு ____ என்று சொன்னார்" என்கிற மாதிரி ஏதாவது ஒன்று, கோடிட்ட இடத்தில் சொல் வரும், அதை அவர்கள் மொழியிலேயே தோழி அமைத்துத் தரட்டும். அப்போதும் சந்தேகமா? வாயைத் திறக்காமல் சொல்லை முணுமுணுக்கச் சொல்லுங்கள், அல்லது சீட்டி அடிக்கச் சொல்லுங்கள். மெய்யெழுத்தெல்லாம் உதிர்ந்து சுருதி மட்டும் நிற்கும். பாட்டி சீட்டி அடிக்க மாட்டேன் என்றார். தோழியின் தம்பி அடித்தான். கச்சேரிப் பதிவில் சுருதி பிசகைக் கண்டுபிடிக்கிற வேலைதான், எனக்கு வரும்.

உம் கொட்டாதீர்கள்

என் பன்னிரண்டு நாளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

நம் ஊரில் கதை சொல்பவருக்கு எதிரில் உட்கார்ந்தவர் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் தூங்கிவிட்டோம் என்று நினைத்துக் கதையை நிறுத்திவிடுவார்கள். அதே பழக்கத்தில் நான் கொட்டிக்கொண்டே இருந்தேன். பதிவைக் கேட்டால் பாட்டியின் ஒவ்வொரு வாக்கிய முடிவின் மேலும் என் உம் ஏறி நிற்கிறது. சொல்லின் கடைசி ஒலி முக்கியம் என்று மேலே சொன்னேனே, அதெல்லாம் போச்சு.

சரி, உம் கொட்டாமல் இருந்தேன். பாட்டி நிறுத்திவிட்டார். எனக்குக் கதை புரியவில்லை என்று எண்ணி, குழந்தைக்குச் சொல்வது போல உடைத்து உடைத்து, நடுவில் மெய்தெயும் கலந்து சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் புரிந்தது: நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்வரை கிடைக்கப்போவது எனக்காக எளிதாக்கிய சிருதான்.

நாலாம் நாள் பக்கத்துத் தெருவிலிருந்து பாட்டியின் தங்கையைக் கூட்டிவந்தோம். இரண்டு பேரையும் கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு மைக் மாட்டி, தோழி ஒரே ஒரு கேள்வி போட்டாள்: சின்ன வயதில் மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து விதைப்பார்களே, அந்த வருஷங்களில் உங்கள் இருவரில் யார் சோம்பேறி? கேட்டுவிட்டு நாங்கள் எழுந்து வெளியே போய்விட்டோம். ஹெட்போன் கம்பி மட்டும் கதவு வழியாக என் காதுக்கு.

இரண்டு மணி நேரம். ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவது, கேலி, பாதியில் ஒரு பாட்டு, அதில் ஒரு வரி மறந்து இருவரும் தேடுவது, யாரையோ திட்டுவது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் முந்தைய மூன்று நாளில் ஒரு தடவைகூட அந்த வேகத்தை நான் கேட்டதில்லை. வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி நடுநடுவே "இந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை அக்கா" என்றாள். ஒன்பது தடவை சொன்னாள், எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகவே சிருக்காரருக்கு எதிரில் சிருக்காரரை உட்காரவையுங்கள். நீங்கள் மைக்கை மாட்டுங்கள், கம்பியைச் சுருட்டுங்கள், வெளியே நில்லுங்கள். கேள்வி கேட்பதும் அந்த ஊர்க்காரராகவே இருக்கட்டும். கேள்வி 'உங்கள் பண்பாடு பற்றிச் சொல்லுங்கள்' என்று இருக்கக் கூடாது. அப்படிக் கேட்டால் மேடைப் பேச்சு வரும். யார் சோம்பேறி, யார் சமையல் மோசம், காய்ச்சல் வந்தால் எந்தத் தழையை அரைத்தீர்கள், அந்த வருஷம் எலி வந்து நெல்லைத் தின்றபோது என்ன செய்தீர்கள் என்று சின்னதாகக் கேட்க வேண்டும். விடுகதை போடச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் விடுங்கள். பாட்டி சிருவில் கேட்க, பேரன் மெய்தெயில் பதில் சொல்வதும் பதிவாகட்டும். இன்று அந்த மொழி வீட்டுக்குள் எப்படி இருக்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

ஒரு நாளாவது வீட்டை விட்டு வெளியே எடுங்கள். 'இது', 'அது' என்பதை அறைக்குள் உட்கார்ந்து கேட்டுப் பயனில்லை. மிசோவில் மேட்டில் இருக்கும் 'அது' ஒரு சொல், பள்ளத்தில் இருக்கும் 'அது' வேறு சொல். மலைமேல் வாழ்பவர்களின் மொழி அப்படித்தான் இருக்கும். சிருவில் எப்படி என்று பார்க்கச் சரிவில் நின்று மேலே ஒரு மாட்டையும் கீழே ஒரு மாட்டையும் காட்டிக் கேட்டோம். பதிவில் காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கிறது, போகட்டும்.

எழுத்தில் கொண்டுவருவது

பதிவு சுலபம். எழுதுவதுதான் முதுகை உடைக்கும். ஒரு நிமிடப் பேச்சை எழுதி, பொருள் போட எங்களுக்கு ஒரு மணி நேரம் வரை ஆனது. ஈலான் என்று ஒரு மென்பொருள், நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கியது, இலவசம். ஒலி அலைக்கு நேர் கீழே அந்தந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டு போகலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஆளுக்கொரு வரி.

எழுத நேரமில்லையா? மறுபேச்சு என்று ஒரு வழி உண்டு. பாட்டியின் பதிவை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, தோழி அதையே நிதானமாகத் திரும்பச் சொல்ல வேண்டும், பிறகு இங்கிலீஷிலோ மெய்தெயிலோ பொருள் சொல்ல வேண்டும். இதை இன்னொரு ரெக்கார்டரில் பதிவு செய்துகொள்ளலாம். ஐம்பது வருஷம் கழித்து யாராவது எழுத உட்கார்ந்தால் அவர்களுக்கு இது விளக்கு. தோழிக்குப் புரியாத இடங்களைப் பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எழுத்துமுறையை நீங்களாகக் கண்டுபிடிக்காதீர்கள். அங்கே ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். போனில் குறுஞ்செய்தி அனுப்பும்போது எப்படி எழுதுகிறார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் மாறும், இரண்டையும் குறித்து வையுங்கள். கிரியர்சனின் இந்திய மொழிகள் ஆய்வில், 1904இல் வந்த குக்கி-சின் தொகுதியிலேயே சிருவுக்குச் சில பக்கங்கள் உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கிக்கொண்டு போங்கள். ஆனால் அதைப் படித்துக் காட்டிப் பாட்டியைத் திருத்தாதீர்கள்.

எங்கே வைப்பது

2023 மே 3ஆம் தேதி மணிப்பூரில் கலவரம் வெடித்தது. இணையத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். நானும் தோழியும் மீதியைக் காணொலி அழைப்பில் எழுதி முடிக்கலாம் என்று போட்ட திட்டமெல்லாம் அன்றோடு நின்றது. பாட்டியின் குரலைக் கேட்கவே தோழிக்கு வாரக்கணக்கில் வழி இல்லை. ஊரில் நாங்கள் விட்டுவந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கும், சித்தப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்த எம்பி3 பிரதிகளும்தான் அந்த மாதங்களில் அங்கே இருந்தன. இணையத்தில் போட்டுவிட்டோம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நினைத்திருந்தால், கேட்க வேண்டியவர்களே கேட்டிருக்க முடியாது.

எனவே மூன்று பிரதி. ஒன்று ஊரில், போனில் தட்டினால் உடனே பாடும் வடிவத்தில். ஒன்று உங்களிடம். ஒன்று வேறெங்காவது தொலைவில், மொழிக்கென்றே இருக்கும் காப்பகத்தில். அமெரிக்காவில் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளுக்கு கோர்சால் என்று ஒரு காப்பகம் இருக்கிறது. மணிப்பூரின் லம்காங் மொழிப் பதிவுகள் அங்கே இருக்கின்றன, சிருவுக்கு அது சொந்தக்கார மொழி. காப்பகத்தில் யார் எதைக் கேட்கலாம் என்று பூட்டுப் போடலாம். முதல் பதிவில் வாங்கிய மூன்று பதில்களும் இங்கேதான் வேலைக்கு வரும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதை அன்றன்று ராத்திரியே முடித்துவிடுங்கள். முதலில் மொழிக் குறியீடு, சிருவுக்கு உலக அளவில் சிடிஎஃப் என்ற மூன்றெழுத்து. பிறகு தேதி, வருஷம் முதலில் வரும்படி. பிறகு பேசியவருக்கு நீங்கள் கொடுத்த எண், கடைசியில் வரிசை எண். 'பாட்டி கதை புதுசு 2' என்று வைத்தால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. யார், எங்கே, என்ன பேசினார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை நோட்டில் கையால் எழுதுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின மாலை, நாலாம் நாள் பதிவை அக்கா தங்கை இருவருக்கும் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினேன். இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஆனால் எந்நேரமும் நிறுத்தத் தயாராக இருங்கள். இருபது நிமிடம் ஓடியிருக்கும், பாட்டி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அவர் சொன்ன ஒரு நெல் வகையின் பெயர் தப்பாம். அது மேல் சரிவில் விதைப்பது, தான் சொல்லவந்தது கீழ்ச் சரிவில் விதைப்பதை என்றார். தங்கை இல்லை, முதலில் சொன்னதுதான் சரி என்றார். பேட்டரியில் ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது. ரெக்கார்டரை மறுபடி ஆன் செய்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.